எலி டாக்டரும் நெடும்பயணக்காரியும்

கதவு படீரென்று திறந்ததில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த எலி விறைத்து நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்திருந்தவனும் அப்படியே விறைத்து நின்றான்.

போச்சு... காலையிலிருந்து மூச்சைக்கூட அளந்து விட்டுச் செய்த சோதனை!

"வெளியில சிவப்பு விளக்கு எரியுதே, பாக்கலையா?"

"பாத்தேன். அதான் உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க வந்தேன்."

திட்டுவதற்கு நாக்கு நுனி வரை வந்த வார்த்தைகளோடு திரும்பினான். வாசலில் ஒருத்தி... தலையிலிருந்து கால்வரை நனைந்து, முன்நெற்றி முடியிலிருந்து சொட்டுச் சொட்டாக மழையை அவன் சுத்தமான தரையில் வடித்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவன் பார்த்தது அதையல்ல. அந்தக் கண்கள்! ஒரு நொடியில் பெட்டி, கேமரா, அலமாரி, அவன் சட்டையில் தவறாகப் போட்டிருந்த பொத்தான்... எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்து, சாவகாசமாக அவன் முகத்தில் உட்கார்ந்தன.

வார்த்தைகள் நாக்கிலிருந்து வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

"மழைக்கு ஒதுங்கலாம்னு ஓடி வந்தேன். எல்லாக் கதவும் பூட்டியிருந்துச்சு. இது ஒண்ணுதான் தள்ளினதும் திறந்துக்கிச்சு" என்றவள் பெட்டியருகே குனிந்தாள். எலி பின்னங்கால்களில் எழுந்து நின்று, அவள் இருந்த பக்கமாக மூக்கைத் தூக்கி முகர்ந்தது. "ஐயோ, என்னையே பாக்குதே!"

"புதுசா எது வந்தாலும் பாக்கும். அதுதான் சோதனையே. நேத்து ரெண்டு மரக்கட்டை வச்சோம். இன்னிக்கு ஒண்ணை எடுத்துட்டு ஒரு கிண்ணம் வச்சிருக்கோம். நேத்துப் பாத்தது ஞாபகம் இருந்தா, கட்டையை விட்டுட்டுக் கிண்ணத்துக்கிட்ட போகும். ஞாபகம் இல்லேன்னா ரெண்டும் அதுக்கு ஒண்ணுதான்."

"அதுக்குள்ள நான் வந்து நின்னுட்டேனா?"

"ஆமாம். கிண்ணத்தை அது சீந்தவே இல்லை."

அவள் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. கோபமாக இருக்க வேண்டிய நேரத்தில் இதென்ன சிரிப்பு என்று தன்னையே கடிந்துகொண்டு, தரையைத் துடைக்கச் சொல்லி ஒரு துணியை அவள் கையில் கொடுத்தான்.

விண்வெளி மருத்துவ ஆய்வு மையத்தின் கோடிக் கட்டடத்தில், மூன்று அறைகளுக்குள் அடங்கிப்போன வாழ்க்கை அவனுடையது. ஞாபகசக்தி பற்றிய ஆராய்ச்சி. மையம் முழுவதும் அவனுக்குப் பெயர் எலி டாக்டர். அந்த மூன்று அறைகளையும் தேடி ஒருத்தி வருவாள் என்று அவன் நினைத்துப் பார்த்ததில்லை. ஆனால் மழை விட்ட பிறகும் அவள் வந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த வாரமும்... இப்போதெல்லாம் கதவைத் தட்டிவிட்டு.

"நீங்க எந்தப் பிரிவுல வேலை பாக்கறீங்க?" என்று ஒருநாள் கேட்டான்.

"வண்டி ஓட்டறேன்."

"என்ன வண்டி?"

"கொஞ்சம் பெரிசு."

மையத்துக்கு ஆட்களை ஏற்றிவரும் பேருந்து போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டான். அதற்குமேல் கேட்கக் கூச்சம். அவளுக்குத்தான் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லையே! எலிக்குக் கனவு வருமா, கிண்ணத்தின் நிறம் தெரியுமா, ஒரே எலியை இரண்டு தடவை ஏமாற்ற முடியுமா... எலிகளுக்குப் பட்டப்பெயர் வேறு. மூலைமுடுக்கெல்லாம் மோப்பம் பிடிப்பது 'துப்பறிவாளர்'. ஒரு மூலையில் உட்கார்ந்தபடி, எதைக் கொண்டுவந்து வைத்தாலும் எனக்கென்ன என்றிருப்பது 'மாமனார்'.

"ஏன் மாமனார்?"

"பாருங்க, சாப்பாடு வந்தா மட்டும்தான் எழுந்திருக்கறார்!"

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொல்லித் தனியாகச் சிரித்தான். எதிரில் இருந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "பரவாயில்லையே... முதல் தடவையா ரெண்டு கால்ல நடக்கற ஒண்ணைப் பத்திப் பேசறே!"

"சும்மா இரு அக்கா."

"நான் சும்மாதான் இருக்கேன். உன் காதுதான் சிவக்குது."

இன்னொரு நாள் ஆய்வகத்தில் அவள் கேட்டாள். "இந்த எலிகளுக்கு அப்படி என்னதான் பண்றீங்க?"

"பாதி எலிகளுக்கு ஒண்ணும் பண்றதில்லை. பாதிக்குக் கதிர்வீச்சு. எங்கேயோ நட்சத்திரங்கள் வெடிச்சப்ப சிதறின துகள்கள் விண்வெளி முழுக்கப் பாய்ஞ்சுக்கிட்டே இருக்கு. நமக்குப் பூமியோட காந்தப்புலம் ஒரு கவசம் மாதிரி. நிலாவைத் தாண்டி ரொம்ப தூரம் போறவங்களுக்கு அந்தக் கவசம் இல்லை. அதே மாதிரித் துகள்களை இங்க ஒரு எந்திரத்துல உண்டாக்கி எலிங்க மேல விடறோம்."

"வலிக்குமா?"

"தெரியவே தெரியாது. மூளைக்குள்ள நரம்பணுக்கள் கிளைவிட்ட மரம் மாதிரி இருக்கும். அந்தக் கிளைகள் சிலது குறைஞ்சுபோகலாம். மறதி வரலாம், காரணமில்லாம பயம் வரலாம்... புதுசா எதையும் பாக்கணும்ங்கற ஆசையே போயிடலாம்."

"ஆளையே மறந்துடுமா? கூட இருக்கறவங்களை?"

அவள் கண்கள் அப்போது சிரிக்கவில்லை. அவனுக்கு என்னவோ போலிருந்தது.

"அதைத்தான் தேடறோம். எது கதிர் பட்ட எலின்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சா என் கண்ணு ஒரு பக்கமாச் சாஞ்சுடும்னு, குறியீட்டை எங்க இயக்குநர் மேடம் பூட்டி வச்சிருக்காங்க."

பூட்டிவைத்தது ஒருநாள் திறக்கப்பட்டது. துப்பறிவாளர் கதிர் படாத எலி. மூலையே கதியென்று கிடந்த மாமனார்... கதிர் பட்டது. அது மட்டுமல்ல, கதிர் பட்டவற்றில் பெரும்பாலானவை கட்டைக்கும் கிண்ணத்துக்கும் வித்தியாசம் காணவில்லை. அவன் முடிவுகளை மறுபடி மறுபடி சரிபார்த்தான். சரியாகத்தான் இருந்தன.

"நாளைக்குச் செவ்வாய்க் கிரகப் பயணக்காரங்க அஞ்சு பேரும் வர்றாங்க. நீங்களே அவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார் இயக்குநர்.

மறுநாள் அரங்கில், முன்வரிசையில் நீல உடை அணிந்த ஐந்து பேர். நடுவில்... அவள்.

கையிலிருந்த ஒலிவாங்கி நழுவப் பார்த்தது. கொஞ்சம் பெரிய வண்டி! கடவுளே... செவ்வாயைச் சுற்றிவிட்டு வரப்போகிற வண்டியா?

எப்படியோ பேசினான். படங்களைக் காட்டினான். ஆனால் மாமனாரின் படம் திரையில் வந்தபோது, அவன் கண் முன்வரிசையை விட்டு நகர மறுத்தது. எதைக் கண்டாலும் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வருகிற அந்தக் கண்கள்... மாதக்கணக்கில் அந்தத் துகள் மழையில் நனைந்து திரும்பிய பிறகும் அப்படியே இருக்குமா?

"மனுஷங்களுக்கும் இப்படி ஆகுமா?" என்று பின்வரிசை அதிகாரி ஒருவர் கேட்டார்.

தெரியாது என்பதுதான் பதில். அவனுக்கும் அது தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஆகும். என்னைக் கேட்டா... யாரும் போகக் கூடாது."

அவள் எழுந்தாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். மாசக்கணக்குல எங்க மேல படப்போற கதிரை, எலிங்களுக்கு எவ்வளவு நேரத்துல குடுத்தீங்க?"

"கொஞ்ச... நிமிஷத்துல."

"எங்க கலத்துல கவசச் சுவர் இருக்கு. எலிக்கு இருந்துச்சா?"

"இல்லை."

"அப்போ 'ஆகும்'னு எலிங்க சொல்லுச்சா, நீங்க சொல்றீங்களா?"

அவனுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது.

கூட்டம் முடிந்ததும் நடைவழியில் அவனை நிறுத்தினாள். "உங்களை நேர்மையானவர்னு நினைச்சேன்."

"வண்டி ஓட்டறேன்னு சொன்னவங்க நேர்மையைப் பத்திப் பேசறாங்களா?"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் திரும்பி நடந்தாள். அவ்வளவுதான்... அதன்பிறகு கோடிக் கட்டடத்தின் கதவை யாரும் தட்டவில்லை. பயணத்தை நிறுத்திவைத்திருப்பதாக மட்டும் செய்தி வந்தது.

சரி, போகாமல் இருக்கிறாளே, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். போதவில்லை.

ஒரு பிற்பகலில், தோள் அகன்ற, தலை நரைத்த மனிதர் ஒருவர் அறை வாசலில் வந்து நின்றார். "தம்பிதானே எலி டாக்டர்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் அவளோட அப்பா. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. என் பொண்ணை நிறுத்திட்டீங்க!"

அவனுக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"நான் கப்பல்ல எஞ்சின் பாத்தவன் தம்பி. மாசக்கணக்குல கடல்லயே கிடப்பேன். திரும்பி வரும்போதெல்லாம் இவ அம்மா வாசல்ல நின்னு என்னை உத்து உத்துப் பாப்பா... போன ஆள்தான் வந்திருக்கானான்னு. கடைசிக் காலத்துல அவளுக்கு மறதி நோய். என்னைத் தெரியலை. ஒருநாள் இவளையே 'நீ யாரும்மா?'ன்னு கேட்டா. அந்தக் கேள்வியைக் கேட்டுட்டு இவ எப்படி நின்னான்னு நான் பாத்திருக்கேன். அந்த மாதிரி இவளுக்கு வரவே கூடாது தம்பி..."

ஓ... அதனால்தான் அன்று கண்கள் சிரிக்கவில்லையா? இத்தனை பயத்தை வைத்துக்கொண்டுதான் போகத் துணிந்தாளா?

"அவங்க... எப்படி இருக்காங்க?"

பெரியவர் முகம் சுருங்கியது. "அழுதாக்கூடத் தேவலை. சன்னல் பக்கம் உக்காந்தே இருக்கா. சின்ன வயசுல இவ கேள்வி தாங்காம காதைப் பொத்திக்கிட்டுத் திரிவேன். இப்போ ஒரு கேள்வி கிடையாது தம்பி. வீட்டுக்குள்ள ஒரு புதுச் சோபா வாங்கிப் போட்டேன்... திரும்பிக்கூடப் பாக்கலை."

அவர் போன பிறகு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். எந்தக் கதிரும் படாமலே அவளை மூலையில் உட்காரவைத்தது யார்? அவன்தான். வேறு யாருமில்லை.

மறுநாளே இயக்குநர் முன்னால் போய் நின்றான். "பயணத்தை முடிவு பண்ற குழுவுல நான் மறுபடி பேசணும் மேடம்."

"பேசினதே ஜாஸ்தின்னு நினைக்கறேன். இப்போ மாத்திப் பேசினா உங்க பேர் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். பரவாயில்லை."

குழுவினர் முன் எழுந்து நின்றான். "அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதோட நிறுத்தியிருக்கணும். என் கண்ணு ஒரு பக்கமாச் சாஞ்சுடுச்சு. எலிகளுக்குப் பாதிப்பு இருக்கு. அது நிஜம். சில எலிகள் தேறியும் வருது. அதுவும் நிஜம். மனுஷங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது... யாருக்குமே தெரியாது. கவசத்தைக் கெட்டியாக்குங்க. வழியெல்லாம் அவங்க ஞாபகத்தையும் மனசையும் கவனிச்சுக்கிட்டே இருங்க. போறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியவங்க... போறவங்கதான். நானில்லை."

சொல்லிவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. அதே நெஞ்சு கனத்தும் இருந்தது. இனி அவள் போவாள். அவனே வழி திறந்துவிட்டானே!

சில வாரங்கள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரம். உணவுக்கூடத்தின் கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து, சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் ஒரு தட்டு வந்து அமர்ந்தது. நிமிர்ந்தான்.

"அடுத்த வருஷக் கடைசியில கிளம்பறோம்" என்றாள். "கெட்டியான கவசத்தோட."

"கேள்விப்பட்டேன்... வாழ்த்துக்கள்."

"முகத்தைப் பாத்தா வாழ்த்தற மாதிரி இல்லையே?"

அவன் தட்டில் கோடு போட்டான்.

"அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"தப்புதான். மன்னிச்சுடுங்க."

"தப்பான்னு கேக்கலை. ஏன்னு கேட்டேன். முன்வரிசையில நாங்க அஞ்சு பேர் இருந்தோம்..."

"அஞ்சு பேரா?" என்றான் மெல்ல. "எனக்கு ஒருத்தர்தான் தெரிஞ்சாங்க."

அவள் சட்டென்று தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தாள். காலியான குவளை!

"நானும் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றாள் சற்றுப் பொறுத்து. "விண்வெளிக்காரின்னு தெரிஞ்சா எல்லாரும் படம் எடுத்துக்கணும்பாங்க. நீங்க ஒருத்தர்தான் தரையைத் துடைக்கச் சொல்லித் துணியைக் கையில குடுத்தீங்க. அது போயிடுமோன்னு..."

அவன் தன் குவளையை அவள் பக்கம் நகர்த்தினான்.

"குழுவுல ஒரு புது ஏற்பாடு" என்று அவளே ஆரம்பித்தாள். "சோதனையில தெரியாத மாற்றம்கூட, நெருங்கினவங்களுக்குப் பேச்சுலயே தெரிஞ்சுடுமாம். அதனால போறவங்க ஒவ்வொருத்தருக்கும் பூமியில ஒரு ஆள் வேணும். வாராவாரம் பேசணும். பழைய ஆள்தானா, மாறிட்டாங்களான்னு சொல்லணும்."

"அப்பா இருக்காரே?"

"அப்பாவுக்கு நான் எப்பவும் பத்து வயசுப் பொண்ணு. நான் மாறினா அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் ஒத்துக்க மாட்டார். எனக்கு... உத்துப் பாக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்."

"அந்த ஆள்... யார் வேணும்னாலும் இருக்கலாமா?"

"அதுலதான் சிக்கல்" என்றாள். எதையும் பார்த்துப் பயப்படாத அந்தக் கண்கள் முதல்முறையாக மேசையைப் பார்த்தன. "குடும்பத்துல ஒருத்தரா இருக்கணுமாம்."

புரிய அவனுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

"நான் பொய் சொல்லிட்டா? உங்களைச் சீக்கிரம் வரவழைக்கறதுக்காக, மாறிட்டீங்கன்னு?"

"மாட்டீங்க. ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னதுக்கே நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும்." குரல் தணிந்தது. "நான் நிஜமாவே மாறித் திரும்பி வந்தா? உங்களையே... யாருன்னு கேட்டுட்டா?"

அவன் நிமிர்ந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்குத் தயக்கம் வரவில்லை.

"யாருன்னு சொல்லுவேன். மறுநாள் கேட்டாலும் சொல்லுவேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... ரொம்பப் பிடிச்சிருக்கு. எப்படி வந்தாலும் பிடிக்கும்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான் போலிருக்கிறது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். விரல் இடுக்கில் கண்கள் மட்டும் மின்னின.

"மானத்தை வாங்கறீங்களே... சரி, எனக்குப் பயிற்சிக்கு நேரமாச்சு. சாயங்காலம் அப்பாகிட்ட பேசலாம்." எழுந்தாள். இரண்டடி நடந்து நின்றாள். "போயிட்டு வரேன்."

"போயிட்டு..." அவன் ஒருகணம் திணறினான். பிறகு, இத்தனை நாளும் நடுவில் நின்ற அந்த மரியாதையைத் தள்ளி வைத்தான்.

"போயிட்டு வா."