கன்னத்துக் குழி காணாமல் போன படம்

அகல்யாவின் அண்ணன் நிவேந்திரன் டுரியான் துங்காலில் உள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது, யாரோ மலிவாக விற்ற ஃபிளாஷ் விளக்கு ஒன்றை வாங்கி வந்தான். கேமராவின் தலையில் உட்காராமல் தள்ளி நின்று மின்னும் விளக்கு அது. கேமராவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகிவிட வேண்டும். இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே பளீர்!

விளக்கு நிற்கக் கால் வேண்டுமே? இறக்கை உடைந்த மின்சாரக் காத்தாடியின் கம்பம் கிடைத்தது. சுவரில் அம்மாவின் கறுப்புப் போர்வை ஏறியது. புக்கிட் காத்தில் என்ற ஊரில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறை ஸ்டூடியோ ஆகிவிட்டது.

"கேமரா கீழ விழுந்துச்சுன்னா, அடுத்து நீ விழுவ," என்று சொல்லித் தன் கேமராவை அவளிடம் விட்டுவிட்டு அண்ணன் திரும்பிப் போனான். அதுதான் அவன் பாணியில் அனுமதி.

மறுநாளே அடுத்த வரிசை வீட்டு ஜெயா வந்தாள். இருவரும் ஒரே வகுப்பு.

"எனக்கு ஒரு போட்டோ எடுத்துத் தர்றியா? அம்மா ஞாயித்துக்கிழமை சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பறாங்க. ஹாஸ்டல்ல கட்டில் பக்கத்துல ஒட்டி வைக்கணுமாம்."

"போன்ல அனுப்பிடலாம்லா."

"அம்மா போன் ஸ்கிரீன் உடைஞ்சு கிடக்கு. அதுல பார்த்தா எனக்கு மூணு மூக்கு."

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது ஜெயாவின் இடது கன்னத்தில் ஒரு குழி விழும்.

"அம்மாவுக்கும் இதே பக்கம்தான் குழி. அது தெரியற மாதிரி எடு, என்னா?"

"எடுத்துடலாம், எடுத்துடலாம்," என்றாள் அகல்யா. அவள் காது பாதிதான் கேட்டது. மீதிக் கவனமெல்லாம் புது விளக்கின் மேல் இருந்தது.

கடைத்தெரு ஸ்டூடியோவில் மாட்டியிருக்கும் கல்யாணப் படங்களில் எல்லாப் பெண்களும் மாவு பூசியதுபோல வெள்ளையாக இருப்பார்கள். நல்ல படம் என்றால் அப்படித்தான் என்று அகல்யா நினைத்திருந்தாள். அதனால் விளக்கைத் தன் தோளுக்குப் பின்னாலேயே நிறுத்தி, ஜெயாவின் முகத்துக்கு நேராகத் திருப்பி, வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினாள்.

"சிரி!"

பளீர்!

"ஐயோ ஜெயா! எவ்ளோ வெள்ளையா இருக்க பாரேன்! சினிமாக்காரி மாதிரி!"

ஜெயா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள்.

"ம்... நல்லாதான் இருக்கு."

அந்த 'நல்லாதான்' எவ்வளவு மெலிந்து வந்தது என்பதை அகல்யா கவனிக்கவில்லை. கடையில் பிரதி போட்டு, உறையில் வைத்து, பெருமையோடு கொடுத்தாள்.

திங்கட்கிழமை பள்ளியில், ஓய்வு நேரத்தில், ஜெயா நாசி லெமாக் சோற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"ஆன்ட்டிக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"பஸ் ஏறும்போதுதான் பிரிச்சுப் பார்த்தாங்க. 'இதுல என் பொண்ணு எங்க?'ன்னு கேட்டாங்க. விளையாட்டுக்குத்தான். ஆனா..." ஜெயா நிறுத்தினாள். "குழி தெரியணும்னு சொன்னேன்ல, அகல்யா."

அகல்யா தன் தட்டைத் தள்ளி வைத்தாள். செய்த தப்பைத் திருத்தலாம். பஸ் ஏறிப் போன தப்பை எப்படித் திருத்துவது? இனி அந்த அம்மா தினமும் கண் விழிக்கும்போது யாரோ ஒரு மாவு முகத்தைத்தான் பார்ப்பார்.

அன்று மாலை அம்மா சப்பாத்திக்கு மாவு உருட்டி வைத்திருந்தார். அகல்யா ஓர் உருண்டையில் விரலால் குழித்தாள். அதைக் கறுப்புப் போர்வைக்கு முன்னால் நாற்காலியில் வைத்து, அன்று போலவே நேரே விளக்கடித்துப் படம் எடுத்தாள். குழியைக் காணோம்! உருண்டை வழுவழுவென்று நிலா மாதிரி இருந்தது.

வெளிச்சத்தைக் குறைத்தாள். காத்தாடிக் கம்பத்தைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினாள். டிக். குழியின் ஓர் ஓரத்தில் பிறைபோல ஒரு சின்ன நிழல் விழுந்தது. நிழல் வந்ததும் குழியும் வந்துவிட்டது.

"என்னாடி, சாப்பிடற மாவுக்கு எதுக்குப் போட்டோ?" என்று அம்மா எட்டிப் பார்த்தார்.

"அது சிரிக்குதும்மா."

அடுத்த நாள் ஜெயாவின் வீட்டு வாசலில் நின்றாள்.

"எனக்குப் போட்டோ வேணாம்," என்றாள் ஜெயா.

"உன் குழி தானா தொலையல. நான்தான் தொலைச்சேன். நீ சொன்னத நான் காதுல வாங்கல. மன்னிச்சுக்கோ." அகல்யா கேமராவை நீட்டினாள். "இதையாவது பாரு."

ஜெயா பார்த்தாள். ஒரு மாவு உருண்டை. அடுத்து, அதே உருண்டை, குழியோடு.

"இதுவும் சினிமாக்காரியா?"

"கதாநாயகியே இதுதான்."

ஜெயாவால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அன்று எடுத்த படத்தில் அவள் தன் நிறத்திலேயே இருந்தாள். இடது கன்னத்தில் அந்தச் சின்ன நிழலும் இருந்தது.

ஆனால் அதைக் கொடுக்க ஆன்ட்டி திரும்பி வரவேண்டுமே. உறை அகல்யாவின் மேசைமேல் காத்துக் கிடந்தது.

மாதக் கடைசியில் ஜெயாவின் அம்மா நிர்மலா ஆன்ட்டி வந்தார். அகல்யா உறையோடு ஓடினாள். கொடுப்பதற்குள் ஆன்ட்டி தன் பையிலிருந்து பழைய படத்தை எடுத்துக் காட்டினார். முனைகள் சுருண்டிருந்தன. அந்த வெள்ளைக் கன்னத்தில் நீலப் பேனாவால் ஒரு சின்ன வளைவு!

"குழி இல்லாம எனக்கு என் பொண்ணுன்னே தோணல, அகல்யா. அதான் நானே போட்டுக்கிட்டேன்."

அகல்யாவின் கண்கள் கலங்கின. உறையை நீட்டினாள்.

ஆன்ட்டி புதுப் படத்தைப் பார்த்தார். படத்துக் கன்னத்தில் விரல் வைத்தார். பிறகு தன் கன்னத்தில் வைத்தார்.

"ஆ... இவதான்!"

"பழசைக் குடுங்க ஆன்ட்டி, கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிக்காதடி. ஒரு மாசம் எனக்குத் துணைக்கு இருந்தவ இவ." இரண்டு படங்களையும் சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "எங்க ரெண்டு பேரையும் சேர்த்து ஒன்னு எடுத்துத் தர்றியா?"

கறுப்புப் போர்வைக்கு முன்னால் அம்மாவும் மகளும் உட்கார்ந்தார்கள். அகல்யா காத்தாடிக் கம்பத்தை மெதுவாகப் பக்கவாட்டுக்கு நகர்த்தி வைத்தாள். பிறகு, "சிரிங்க" என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் இரண்டு குழிகளும் விழுந்துவிட்டன.