மூன்றுக்கு இரண்டு

மத்தியானம் சாப்பிட உட்காரப் போகும்போது சமையலறைக் குழாய் முதலில் காற்றைத் துப்பியது, அப்புறம் செம்மண்ணைக் கரைத்தது போல ஒரு வாய் தண்ணீரை. துருவும் அழுகிய முட்டையும் கலந்த அந்த வாடை சுரங்கத்துப் பம்புக்காரனான அவனுக்குத் தெரியாததா? இருபத்தாறு வருஷம் சுரங்கத்தின் அடியிலிருந்து அதைத்தான் இறைத்துக் கொட்டினான். சுரங்கத்தை மூடிப் பத்து மாதம் ஆகிறது. இறைக்க ஆளில்லாத தண்ணீர் பாறைக்குள்ளேயே ஊறி, புளித்து, மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஓடையில் மீன் செத்தது. கிணறு சிவந்தது. இப்போது வீட்டுக்குள்.

"உங்க பழைய சிநேகிதம் வீடு தேடி வந்துடுச்சு," என்றாள் மனைவி, செம்பைக் கவிழ்த்தபடி.

அவன் சிரிக்கவில்லை. குழாய்க்குள் சத்தம்.

டங். டங். டங்.

கீழே தண்ணீர் ஏறினால் சுரங்கத்து ஆட்கள் இரும்புக் குழாயில் மூன்று தட்டு தட்டுவார்கள். மேலே இவன் பம்பைப் போட்டுவிட்டு இரண்டு தட்டுவான்: இறைக்கிறேன், பயப்படாதே. பத்து மாதம் முன்பு சுரங்கத்தின் கூரை சரிந்து எட்டுப் பேர் உள்ளே மாட்டிக்கொண்ட மூன்றாம் நாள், "உள்ள யாரும் உயிரோட இல்ல, நிறுத்துப்பா," என்றார் மேனேஜர். நிறுத்தினான். சுவிட்சிலிருந்து கை எடுக்குமுன் குழாயில் மூன்று தட்டு. சூடு ஆறுகிற இரும்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். எட்டுப் பேரில் ஒருவன் மனைவியின் தம்பி. இதுவரை இவளிடம் மூச்சு விடவில்லை.

டங். டங். டங்.

"காத்து அடைச்சிருக்கு," என்றான்.

அவள் கை அப்படியே நின்றது. "தம்பி சொல்வான்ல. மூணுக்கு ரெண்டுன்னு."

"வேணாம். தொடாத."

கரண்டிக் காம்பால் தட்டினாள். மெதுவாக. இரண்டு.

குழாய் அடங்கியது.

பிறகு குளியலறைக் குழாயில் மூன்று. பக்கத்து வீட்டில் மூன்று. எதிர் வீட்டில். தெருக்கோடியில். சாவு விழுந்த எட்டு வீடுகளிலும்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏங்க. அன்னைக்கும் தட்டினானா?"

அவன் ஒரு அடி பின்வாங்கினான். கால் நனைந்தது. வெதுவெதுப்பாக. குனிந்து பார்த்தான். தரையில் சாக்கடை மூடி. அதன் கம்பி இடுக்குகள் வழியே சிவப்புத் தண்ணீர். கம்பிகளுக்கு நடுவே நான்கு விரல்கள். நகம் இல்லை. முதல் கணு வரை தேய்ந்தவை.

மூடியைத் தட்டின.

மூன்று.