அந்தக் குரல்காரி

"அடப்பாவி... துரோகி!"

கிர்ஸ்டி பல்லைக் கடித்தாள். குட்டியிலிருந்து அவள் கட்டிலுக்கடியில் படுத்து வளர்ந்த நாய் மோஸ், இப்போது அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வானத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது!

வானத்தில் ஒரு டிரோன். அதிலிருந்து ஒரு பெண் குரல்... "இடப்பக்கம்... மெதுவா... ம்ம், கிட்ட வா..."

அப்பா காலையிலேயே சொல்லிவிட்டார். "பனி விழறதுக்குள்ள ஆடெல்லாம் மலையை விட்டு இறங்கணும். அந்த மெஷினே இறக்கிட்டா, நாய்ங்களை வித்துடலாம்மா. நீயும் டவுன்ல வேற வேலை பாரு."

மோஸை விற்பதா? கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த விசிலை வாயில் வைத்து ஊதினாள். மோஸ் திரும்பியது. உடனே மேலிருந்து அந்தக் குரல்... போச்சு. மறுபடியும் அந்தப் பக்கமே ஓடிவிட்டது.

சண்டை போடுவதற்காகவே பாறைமேல் ஏறினாள். அங்கே டிரோன்காரன் நின்றிருந்தான். தூறலில் நனைந்த சுருட்டை முடி, சிரிக்கிற கண்கள்... இவ்வளவு நல்ல கண்ணை வைத்துக்கொண்டா இந்த அநியாயம் செய்கிறான்?

"ஹலோ மிஸ்டர்! யார் நாயை யார் மேய்க்கறது?"

"என் பேரு ராவிரிங்க. ஆட்டை மட்டும்தான் கூப்பிட்டேன். நாய் அதுவா வந்து சேர்ந்துக்கிச்சு."

"நக்கலா? நாளைக்கு மலையில மனுஷங்களே வேணாம்னு ஆக்கிடுவீங்க. அப்புறம் ஆட்டுக்கூடத்தான் பேசிட்டிருக்கணும்!"

அவன் சிரிப்பு மறைந்தது. "என் மாமா இதே மாதிரி மலையில வழுக்கி விழுந்தாரு. இன்னிக்கும் எழுந்து நடக்கல. பனியில அவர் ஏற வேண்டிய இடத்துக்கு இது ஏறட்டுமேன்னுதான்... மனுஷங்களைத் துரத்த இல்லீங்க."

அவள் கோபம் பாதி இறங்கியது. ஆனால் மேலே அந்தக் குரல் மறுபடி கொஞ்சியது.

"அந்தப் பொம்பளை யாரு?" வெடுக்கென்று கேட்டாள்.

"தெரியாதுங்க..." அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "போன வருஷம் நாய்ங்க ஆடு மேய்க்கிற போட்டியை டிரோன்ல படம் எடுத்தேன். நல்ல மழை. கோட்டுத் தொப்பிக்குள்ள முகமே தெரியல. குரல் மட்டும்தான்... மெஷின் குரல் எதையும் ஆடுங்க மதிக்கல. இதைப் போட்டதும் அப்படியே உருகிடுச்சு."

"ஆடுங்களா?"

"...நானும்தான்."

சுருக்கென்றது. எவளோ ஒருத்தி! முகம்கூடக் காட்டாமல் நாயையும் வளைத்துப் போட்டுவிட்டாள், இவனையும்... ச்சே, இவன் எனக்கு யார்? பார்த்து ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லையே, அப்புறம் ஏன் இப்படி நெஞ்சு எரிகிறது?

"அதெல்லாம் ஒரு குரலா? தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டற மாதிரி..."

"அப்படிச் சொல்லாதீங்க!" அவனுக்கு உண்மையாகவே கோபம். "போட்டி நடுவுல அவங்க விசில் சேத்துல விழுந்து தொலைஞ்சிடுச்சு. வேற யாரா இருந்தாலும் விட்டுட்டுப் போயிருப்பாங்க. அவங்க தொண்டை கிழியக் கூப்பிட்டே முடிச்சாங்க. கிடைச்சது என்னவோ கடைசி இடம்தான். ஆனா அந்தப் பிடிவாதம்..."

கிர்ஸ்டி அப்படியே நின்றுவிட்டாள்.

விசில்... சேறு... கடைசி இடம்...

அன்று அவமானத்தில் யாரிடமும் பேசாமல் கிளம்பி வந்தவள், அதன்பிறகு மலையில் மோஸை வாயால் கூப்பிட்டதே இல்லை. எல்லாம் விசில்தான். அதனால்தான் அதற்குக் கயிறு. ஸ்பீக்கரில் கேட்டபோது தன் குரல் தனக்கே யாருடையதோ போல இருந்திருக்கிறது. மோஸுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது! பாவம், அதைப் போய்த் துரோகி என்றேனே...

சொல்லிவிடலாமா? மாட்டேன். தகர டப்பா என்று இப்போதுதானே சொன்னேன், எந்த முகத்தோடு சொல்வது?

சடசடவென்று மழை வலுத்தது. டிரோன் தள்ளாடிக்கொண்டு பாறைக்கே திரும்பி வந்து விழுந்தது. ஆட்டுமந்தை மிரண்டு செங்குத்துச் சரிவு பக்கம் திரும்பியது.

"ஐயோ, அங்க போனா விழுந்துடுமே!" ராவிரி பதறினான்.

விசில் ஈரத்தில் சத்தமே தரவில்லை. கிர்ஸ்டி அதைக் கழற்றிப் போட்டாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

"இடப்பக்கம்... மெதுவா... அங்கயே நில்லு... கிட்ட வா!"

மோஸ் பாய்ந்தது. மந்தை அதன் முன்னால் மெல்லக் கீழே திரும்பி இறங்கியது. ராவிரி கையிலிருந்த ரிமோட்டை நழுவவிட்டு, அவளையே பார்த்தபடி நின்றான்.

கீழே ஆட்டுப்பட்டி வாசலில் அப்பா காத்திருந்தார். "மெஷினா இறக்குச்சு?"

"இல்லீங்க, உங்க பொண்ணும் நாயும்தான். இவங்க ரெண்டு பேரும் இல்லாம இந்த மெஷின் வெறும் ஈ."

அப்பா மோஸின் ஈரத் தலையைத் தடவினார். "அப்ப இவன் இங்கயே இருக்கட்டும். நீயும்தான் கிர்ஸ்டி." அவர் ஆடுகளின் பின்னால் போய்விட்டார்.

"கேக்காம என் குரலை எடுத்துட்டீங்க..." என்றாள் கிர்ஸ்டி.

"தப்புதான். இப்பவே அழிச்சிடறேன். ஆனா முகம் தெரியாமலே உன்னை... ஒரு வருஷமா... காதலிக்கிறேன் கிர்ஸ்டி."

"நான் இவ்வளவு நேரம் அவ மேல பொறாமையில வெந்துட்டிருந்தேன், தெரியுமா? இனிமே வேற எவ குரலாவது கேட்டுச்சு... தொலைச்சிடுவேன்!"

அவள் கண்கள் நிறைந்திருந்தன. மழைக்குள் இரண்டடி தள்ளி நின்று, மிக மெல்ல, "கிட்ட வா..." என்றாள்.

மோஸ் எழுந்து வந்தது. அவனும் வந்தான்.