உப்பு அழாத வீடு

அடுத்தவர் வீட்டுச் சங்கதி தானாக வந்து கதவைத் தட்டினால் ஜெஸ்மினுக்குத் தேநீரில் சீனிகூடத் தேவையில்லை. ஓய்வுபெற்ற இரசாயன ஆசிரியை பரீதாவின் வீட்டுக் கதிரையில் அவள் சாய்ந்திருந்தபோது, அன்புவழிபுரத்திலிருந்து ஜெயரூபி மழையில் நனைந்து வந்து சேர்ந்தாள்.

“டீச்சர், என்ர நீலப் பளிங்கைக் களவெடுத்திட்டு, சுண்ணாம்புக்கட்டி மாதிரி ஒண்டை வைச்சிருக்கினம்.”

மாதக்கணக்காக அவள் வளர்த்த மயில்துத்தப் பளிங்கு அது. நாளைக்குத் துறைமுகத்தடி மண்டபத்தில் கண்காட்சி. “மோதிரத்தில வைச்சால் வடிவாயிருக்கும்” என்று ஒருமுறை சொன்ன பாவத்துக்கு, ஜெயரூபி வீட்டு வாடகை அறையிலிருந்த தேனுகாவை வெளியேறச் சொல்லியாயிற்று.

மூவரும் ஜெயரூபியின் வீட்டுக்குப் போனபோது தேனுகா அழுத கண்ணோடு உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தாள். கேக் செய்து விற்கும் ஜெயரூபியின் கணவர் வீரசிங்கம் கொய்யாக்காய் வெட்டி உப்புத் தூவினார். உப்பு மணலாக உதிர்ந்தது.

“மாரியில எங்கட வீட்டு உப்பு கண்ணீர் வடிக்குது. உங்கட உப்பு மட்டும் சிரிக்குதே,” என்றாள் ஜெஸ்மின், வாய் நிறையக் கொய்யாவோடு.

பரீதா கொய்யாவைத் தொடவில்லை. பளிங்குக்குப் பதிலாகக் கிடந்த வெள்ளைக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ராத்திரி பளிங்கை எங்க வச்சீங்க?”

“கழுவி, ஈரத்தோட குசினி மேசையில வைச்சனான்.”

பரீதா கட்டியில் ஒரு துளி தண்ணீர் விட்டார். அந்த இடம் நீலமானது.

“களவில்லை. இதுதான் உங்கட பளிங்கு. விளிம்பெல்லாம் சரிஞ்சிருக்கு, ஒரு மூலையும் செங்கோணமில்லை. மயில்துத்தம், அதான் செப்பு சல்பேற்று, அப்பிடித்தான் வளரும். உள்ளுக்குள்ள ஒவ்வொரு செப்புத் துணிக்கையையும் சுத்தித் தண்ணி இருக்கு, அதாலதான் நீலம். கடும் சூட்டில தண்ணி போனா நிறமும் போயிரும். இந்த மழையில சூடு எங்க? வீரசிங்கம், உங்கட உப்பு எப்பிடிக் காய்ஞ்சது?”

வீரசிங்கம் கத்தியைக் கீழே வைத்தார்.

“கேக் இறக்கினதும் போறணைக்குள்ள உப்பை வைக்கிறனான். இதுவும் ஈரமாய்க் கிடந்துது, காயட்டும் எண்டு கூட வைச்சனான். காலமை வெளுத்துப்போச்சு. இவவுக்குச் சொல்லப் பயம்.”

“பழைய வடிவம் இனி வராது,” என்றார் பரீதா. “ஆனா நாளைக்குச் சனத்துக்கு முன்னால ஒரு துளி விடுங்க. வேற மேசைக்கு ஒருத்தரும் போகமாட்டினம்.”

ஜெயரூபி அறைக்குள் போய், பெட்டியிலிருந்த உடுப்புகளைத் தன் கையால் வெளியே எடுத்தாள். “மன்னிச்சுக்கொள்ளும், தேனுகா. நீர் இரும்.”

“இருக்கிறன் அக்கா. நஞ்சு காய்ஞ்ச அந்தப் போறணைக் கேக் மட்டும் எனக்கு இனி வேண்டாம்.”

ஜெஸ்மின் மெல்லுவதை நிறுத்தினாள். “டீச்சர், அப்ப இந்த உப்பு?”

“நாக்கு நீலமானா சொல்லுங்க,” என்றார் பரீதா.