ஜன்னலோரக் கட்டில்

நர்ஸ் அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. வேலை போய்விட்டது, லைசென்ஸும் போகப்போகிறது என்று தணிக்கைக்காரரிடம் சொன்னாள். கணினிப் பதிவுகளில் நடக்கும் தில்லுமுல்லுகளைக் கண்டுபிடிப்பது அவர் தொழில்.

"அந்த ஊசி ஒத்துக்காதுன்னு பேஷண்டைச் சேர்க்கும்போதே கம்ப்யூட்டர்ல போட்டேன் சார். பெரிய டாக்டர் பார்க்காமலே போட்டுட்டார். ஆளு உயிருக்குப் போராடுறாரு. இப்ப திரையில 'ஒவ்வாமை இல்லை'ன்னு இருக்கு. நான்தான் அப்படிப் பதிஞ்சேனாம்."

"அப்புறம் அந்தப் பதிவைத் தொட்டீங்களா?"

"ஜன்னலோரமா படுக்கணும்னு ஆசைப்பட்டார். கட்டில் நம்பரை மட்டும் மாத்தினேன். அதுக்கு அப்புறம்தான் ஊசி."

தணிக்கைக்காரர் நர்ஸுடன் விசாரணை அறைக்குள் போனபோது, பெரிய டாக்டரும் அவருடைய மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள். மாப்பிள்ளைதான் கணினிப் பிரிவின் தலைவன். அந்தப் பதவிக்கான தகுதியில் பாதி படிப்பால் வந்தது, மீதி கல்யாணத்தால் வந்தது.

"யார் எதை மாத்தினாலும் ட்ரிக்கர்னு ஒரு புரோகிராம் தானாவே குறிச்சு வச்சிடும். நானே எழுதினது," என்றான் மாப்பிள்ளை. "பாருங்க, அது குறிச்ச முதல் வரியிலேயே இவங்க பேரு. ஒவ்வாமை 'இல்லை'."

உதவிக்கு என்று கூடவே வந்திருந்த தணிக்கைக்காரரின் மச்சினன் அவர் காதில் கிசுகிசுத்தான். "அத்தான், யாரோ பாஸ்வேர்டைத் திருடியிருக்காங்க."

"சும்மா இரு." மச்சினனின் மூளை எப்போதும் வாய்க்குப் பின்னால்தான் மூச்சிரைக்க ஓடிவரும்.

"தம்பி, கட்டில் மாத்தின வரியைக் காட்டுங்க," என்றார் மாப்பிள்ளையிடம்.

"அதுல என்ன சார் இருக்கு, வெறும் நம்பர்."

"இருக்கட்டும், காட்டுங்க."

வரி திரையில் விரிந்தது. பழைய கட்டில், புதிய கட்டில். கூடவே நோயாளியின் வயது, ரத்த வகை எல்லாம் இருந்தன. ஒவ்வாமை: உண்டு.

"சோம்பேறித்தனமா எழுதியிருக்கீங்க. மாறினதை மட்டும் எடுக்காம, ஒவ்வொரு தடவையும் முழுப் பதிவையும் நகல் எடுக்குது உங்க ட்ரிக்கர். கட்டில் மாறினப்ப 'உண்டு', இப்ப 'இல்லை'. நடுவுல யார் மாத்தினாங்கன்னு ஒரு வரி கூட இல்லை. ட்ரிக்கரை நிறுத்தி வச்சு மாத்தினாத்தான் அப்படி வரும். அப்புறம் முதல் வரியையும் கையால திருத்தியிருக்கீங்க. ரெண்டுக்கும் அனுமதி உள்ளவர் இங்க நீங்க ஒருத்தர்தான். அழிக்கறதுலயும் சோம்பேறித்தனம்."

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. "மாமா, நீங்கதானே மாத்தச் சொன்னீங்க..."

"வாயை மூடுங்க மாப்பிள்ளை."

தணிக்கைக்காரர் அந்த வரியை நகலெடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் பெரிய டாக்டரின் குரலில் தேன் வழிந்தது. "சிஸ்டர், நடந்தது நடந்துபோச்சு. நாளைக்கே டியூட்டிக்கு வந்துடுங்க. வெளியில கொண்டுபோக வேண்டாமே."

"அவருக்கு இப்ப எப்படி இருக்கு டாக்டர்?" என்றாள் நர்ஸ்.

பெரிய டாக்டருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தார். அவன் அவசரமாகக் கணினியைத் தட்டினான்.

"வேண்டாம்," என்று எழுந்தாள் அவள். "நான் நேர்லயே போய்ப் பார்த்துக்கறேன்."