கருப்புச் சில்லு

சமையலறைத் தரையில் பல் டாக்டர் மல்லாந்து கிடந்தார்.

செத்து... விறைத்து... கண் திறந்தபடி!

அவரைச் சுற்றித் தரையெல்லாம் தண்ணீர். தலைக்கு மேலே, நேற்றுதான் பொருத்திய புத்தம் புது சமையல் மேடை. பால் வெள்ளை. நடுவில் மின்னல் மாதிரி ஓடும் தங்கக் கோடுகள். அதன் விளிம்பில் ஒரு ரத்தத் தீற்றல்.

இன்ஸ்பெக்டர் குனிந்தாள். முழங்கால் வலித்தது. எரிச்சலாக வந்தது. பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்த டாக்டரின் மனைவியைப் பார்த்ததும் இன்னும் எரிச்சலாக வந்தது.

"அழுதது போதும்மா. என்ன நடந்துச்சு?"

"வழுக்கி விழுந்திருக்கார் மேடம்! மேடை விளிம்புல மண்டை இடிச்சிருக்கு!"

"நீங்க பாத்தீங்களா?"

"நான் மாடியில தூக்க மாத்திரை போட்டுட்டுப் படுத்துட்டேன். காலையில இறங்கி வந்தா... இப்படி!"

"தண்ணி எப்படிக் கொட்டுச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? செத்தவரையே கேளுங்க!"

அழுகையில் ஒரு முள்!

இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்துக்கொண்டாள். ஏட்டு பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்.

"விபத்துன்னு எழுதிடலாம் மேடம்."

"உமக்கு வீட்டுக்குப் போகணும். அதானே?"

ஏட்டு பேனாவை மூடினார்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு பிணத்தின் தலையை லேசாகத் திருப்பினாள். பின்மண்டை நன்றாகவே பிளந்திருந்தது. ஆனால் தரையில் ரத்தம் கொஞ்சம்தான். மண்டை உடைந்தவனுக்கு இவ்வளவுதானா?

டார்ச்சை அடித்தாள். முடிக்குள் என்னவோ மினுங்கியது. இடுக்கியால் பிடுங்கி எடுத்தாள்.

ஒரு சில்லு!

நகம் அளவு. கூர்மையாக... கரேலென்று!

மேடையைப் பார்த்தாள். வெள்ளை. சில்லைப் பார்த்தாள். கருப்பு.

"ஓய் ஏட்டு... இப்பவும் விபத்துன்னு எழுதுவீரா?"

வாசல் பக்கம் காலடிச் சத்தம். தடித்த கழுத்தோடு ஓர் ஆள் உள்ளே பாய்ந்து வந்தான்.

"யாருய்யா என் மேடை மேல பழி போடறது?"

"நீ யாரு?"

"இந்த வீட்டம்மாவோட தம்பி. ஸ்லாப் கடை என்னோடது. இந்த மேடையையும் அடியில இருக்கற இழுப்பறைங்களையும் போட்டது நான். நேத்து இருட்டறதுக்குள்ள வேலையை முடிச்சுட்டுத்தான் போனேன்."

"உன் அத்தான் செத்துக் கிடக்கார். நீ மேடைக்கு வக்காலத்து வாங்கறே?"

"அந்தாளு செத்ததுக்கு நான் ஏன் அழணும்? என் அக்காவைக் கை நீட்டி அடிக்கிறவன்! சனியன் விட்டுச்சு!"

"டேய்! வாயை மூடுடா!" அக்காக்காரி சீறினாள்.

இன்ஸ்பெக்டர் மேடையை விரலால் தட்டினாள். டங்... டங்...

"இது என்ன கல்லு?"

"கல்லு இல்ல. போர்சலின். களிமண்ணைப் பொடியாக்கி, அமுக்கி, சூளையில சுட்டு எடுக்கறது. கொதிக்கிற பாத்திரத்தை வைங்க, எண்ணெயைக் கொட்டுங்க... ஒரு சொட்டு உள்ள இறங்காது. துடைச்சா போச்சு!"

"ரத்தம்?"

"அதுவும்தான்."

அவள் சிங்க்குக்குக் கீழே திறந்தே கிடந்த கதவுக்குள் தலையை நுழைத்தாள். சிங்க்குக்காக வெட்டிய இடத்தின் அடிப்பக்கம் பாலிஷ் இல்லாமல் சொரசொரப்பாக இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளேயும் வெள்ளை. தங்கக் கோடெல்லாம் மேல்தோலோடு சரி!

தலையை வெளியே இழுத்தாள்.

"உன் ஸ்லாப்பை உடைச்சா வெள்ளைச் சில்லுதானே வரும்?"

"ஆமா."

"அப்ப இது?"

கருப்புச் சில்லை நீட்டினாள். அவன் முகம் மாறியது.

"இது... உடம்பெல்லாம் கருப்பா இருக்கற சரக்கு. வேற ஸ்லாப்."

"யார் வீட்டுல போட்டே?"

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா சுவரைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். பதில் சொல்றியா... ஸ்டேஷனுக்கு வர்றியா?"

"வீட்டுல எல்லாம் போடல. ஒரே இடத்துலதான். அத்தானோட கிளினிக்ல! ரிசப்ஷன் மேடையும், கை கழுவற மேடையும்."

"அங்கே ஏதாவது துண்டு மிச்சம் இருந்துச்சா?"

"பேசினுக்கு வெட்டின வட்டத் துண்டு. கதவு சாத்திக்காம முட்டுக் கொடுக்கக் கேட்டார். விளிம்பு தேய்க்கல, கையைக் கிழிக்கும்னேன். கேக்கல. அந்தாளு யார் பேச்சைக் கேட்டான்?"

டாக்டர் மனைவி திடீரென்று வெடித்தாள்.

"அந்த நர்ஸைப் பிடிங்க மேடம்! கிளினிக் சாவி அவகிட்டதான் இருக்கு! முழுங்கற மாதிரி பார்ப்பா... கொலைகாரி!"

"அவ இங்கே வருவாளா?"

"இங்கேயா? என் வாசப்படியை மிதிச்சா காலை ஒடிச்சிருவேன்! ஒரு நாள் கூட வந்ததில்ல!"

*

கிளினிக்கில் பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது.

ரிசப்ஷனில் கருப்பு மேடை பளபளவென்று, முகம் பார்க்கலாம் போல. அதன் பின்னால் நர்ஸ். கழுத்து வரை பட்டன் போட்ட வெள்ளை உடை.

இன்ஸ்பெக்டர் மேடையின் விளிம்பை முழுக்கத் தடவிப் பார்த்தாள். பேசின் பக்கமும் தடவிப் பார்த்தாள். எங்கேயும் உடையவில்லை.

"காலங்கார்த்தால இவ்வளவு பினாயில் எதுக்கு?"

"கிளினிக்னா சுத்தமா இருக்கணும்."

"கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்திருக்கே. கருப்புத் துண்டு ஒண்ணு இருக்குமே... எங்கே?"

நர்ஸ் துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள்.

"தெரியாது. டாக்டர் சம்சாரத்தைக் கேளுங்க. அந்தப் பிசாசு நேத்து சாயங்காலம் இங்கே வந்து கத்திட்டுப் போச்சு."

"எதுக்குக் கத்தினாங்க?"

"புருஷனைக் கண்டா கத்தறதுதானே அதோட பொழப்பு! சேதி வந்ததுமே நினைச்சேன்... அவர் சாவுக்கு அதுதான் காரணம். எழுதி வெச்சுக்கோங்க!"

"உங்க டாக்டர்கிட்ட சமீபத்துல ஏதாவது பிரச்சனை?"

"ஒண்ணும் இல்லையே!"

"போன வாரம் ஒரு நோயாளி உள்ளே பல் பிடுங்கற நாற்காலியிலேயே செத்துப் போனாரே?"

நர்ஸ் இன்னும் வேகமாகத் துடைத்தாள்.

"மரத்துப் போக ஊசி போட்டது யாரு?"

"டாக்டர்தான்!"

"நீதான் போட்டேன்னு எங்க ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்திருக்கார். சாட்சி சொல்ல சம்சாரத்தைக் கூட்டிட்டு வர்றேன்னாரு."

அவள் கை கருப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தது. துடைத்த இடத்தையே... மறுபடி... மறுபடி!

"போதும். ஏறு வண்டியில."

*

வீட்டுக்குள் கால் வைத்ததுதான் தாமதம்... இரண்டு பெண்களும் பாய்ந்துகொண்டார்கள்!

"கொலைகாரி! எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு என் வீட்டுக்குள்ள வந்தே?"

"நீதாண்டி கொலைகாரி! பெத்த தாயே உன் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டா!"

"நாயே!"

"பேயே!"

முடியைப் பிடித்து இழுத்தார்கள். ஏட்டு நடுவில் புகுந்தார். தொப்பி பறந்தது. கன்னத்தில் யாருடைய அறையோ விழுந்தது. எப்படியோ பிரித்து நர்ஸைச் சமையலறை நாற்காலியில் உட்கார வைத்தார். பிணத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். தரை ஈரம் மட்டும் பாக்கி.

நர்ஸ் மூச்சு வாங்கினாள். இருமினாள். இருமல் நிற்கவே இல்லை.

"ஓய் ஏட்டு... அதுக்குத் தண்ணி கொடும்!"

ஏட்டு மேடைக்குக் கீழே தேடினார். வரிசையாக வழவழ பலகைகள். பிடி இல்லை. கொக்கி இல்லை. எது கதவு, எது இழுப்பறை என்றே தெரியவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"என்ன எழவு இது! தம்ளர் எங்கேம்மா இருக்கு?"

நர்ஸ் இருமிக்கொண்டே எழுந்தாள். நேராகப் போனாள். ஒரு பலகையின் மூலையை முழங்காலால் இடித்தாள்.

க்ளிக்!

இழுப்பறை வெளியே வந்தது. தம்ளரை எடுத்தாள். குழாயில் பிடித்துக் குடித்தாள்.



இன்ஸ்பெக்டர் மெல்லக் கைதட்டினாள்.

"பலே! நேத்து இருட்டறப்பதான் இந்த வேலை முடிஞ்சிருக்கு. நீ இந்த வாசப்படியையே மிதிச்சதில்லைன்னு வீட்டுக்காரம்மா சத்தியம் பண்ணாத குறை. அப்புறம் எப்படிம்மா உன் முழங்காலுக்கு வழி தெரியும்?"

தம்ளர் தரையில் விழுந்து நொறுங்கியது.

டாக்டர் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

"டாக்டர் செத்தது கிளினிக்ல. ஆள் பாரம் அதிகம். ஒருத்தியால தூக்கிட்டு வர முடியாது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கிட்டு வந்திருக்கீங்க! காலையில இருந்து அடிச்சுக்கிட்டது எல்லாம் நாடகம்!"

"நான்தான் அடிச்சேன்!" நர்ஸ் கத்தினாள். "அக்காவை விட்டுடுங்க!"

"பொய் சொல்றா மேடம்! அடிச்சது நான்! அவ சின்னப் பொண்ணு!"

"இல்ல! நான்!"

"நான்!"

இன்ஸ்பெக்டர் நர்ஸின் அருகே போனாள். கழுத்துப் பட்டனைக் கழற்றினாள்.

கழுத்தைச் சுற்றி நீலம் பாரித்த விரல் தடங்கள்!

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது.

"முன்னாடி நின்னு கழுத்தை நெரிச்சிருக்கான். நெரிபடறவ அவன் பின்மண்டையில எப்படி அடிக்க முடியும்?" திரும்பினாள். "நீங்கதாம்மா."

டாக்டர் மனைவி அழவில்லை. நடிப்பு அழுகை முடிந்துவிட்டது.

"பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன்னு சொல்லத்தான் கிளினிக்குப் போனேன். இவளும் பழியை ஏத்துக்க மாட்டேன்னா. பாய்ஞ்சுட்டான். இவளுக்குக் கண்ணு சொருகிடுச்சு. கதவுக்கு முட்டா இருந்த துண்டுதான் கைக்குக் கிடைச்சது... அடிச்சேன். விட்டிருந்தா இவ செத்திருப்பா மேடம்."

"துண்டு எங்கே?"

"பாலத்துல இருந்து ஆத்துக்குள்ள போட்டுட்டோம்."

"அங்கேயே அப்பவே போன் பண்ணி இதைச் சொல்லியிருந்தா, உயிரைக் காப்பாத்தினவங்கன்னு எழுதியிருப்பேன். பிணத்தைத் தூக்கி, தரையைக் கழுவி, தண்ணியை ஊத்தி... நீங்களே உங்களைக் கொலைகாரி ஆக்கிக்கிட்டீங்க. நம்ப ஒரு ஆள் இல்லாத மாதிரி!"

"பொம்பளை சொன்னா யார் நம்பறாங்க?"

இன்ஸ்பெக்டர் நர்ஸின் கழுத்தைப் போட்டோ எடுக்கச் சொன்னாள். எல்லாக் கோணத்திலும். தெளிவாக!

"கோர்ட்ல இது பேசும்," என்றாள் வறட்சியாக. "நாடகத்துக்கு உண்டான தண்டனை உண்டு. ஆனா தூக்கு மேடை வரைக்கும் போக விட மாட்டேன்."

இரண்டு பெண்களும் கையைக் கோத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்கள்.

ஏட்டு வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே வந்தார்.

"மேடம்... இனிமே எங்கேயாவது ரெண்டு பேர் சண்டை போட்டா, நான் பிரிச்சு விடவே போறதில்ல!"

இன்ஸ்பெக்டர் சிரித்தாள். அன்றைக்கு முதல் தடவையாக!

"பிரிச்சு விடாதேயும் ஓய்... பிரிச்சு விசாரியும்!"