அணையாத ஒன்பது

பட்டப்பகலில் ஒரு புது மானிட்டரோடு பாய்லர் அறைக்குள் நுழைந்தாள் ரிப்பேர்க்காரி. இது நான்காவது. முந்தைய மூன்றும் மாட்டிய ஒரு மணி நேரத்தில் கண்ணை மூடிவிட்டன. மேசையில் பழைய டப்பா மானிட்டர் மட்டும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து, அழுத்தம் 9 என்று பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் பாய்லர் வெடித்து, இந்த மானிட்டருக்கு எதிரே இருந்த ஆபரேட்டர் நாற்காலியிலேயே செத்தபோதும் அதற்கு ஒரு கீறல் விழவில்லை.

இப்போது அதே நாற்காலியில் அவள் தம்பி.

"இதை விட்டுடுக்கா. புதுசு எதுவும் நிக்கல. இது ஒருநாளும் படுத்ததில்ல."

"படுக்காம இருந்தா போதுமா? நிஜத்தைச் சொல்லணும்டா."

கேபிளைப் பிரித்து இரண்டிலும் மாட்டினாள். எங்கிருந்தோ துணி கருகும் வாடை எழுந்தது.

பழையது 9 என்றது.

புதியது 13 என்றது.

பத்தைத் தாண்டினால் ஆபத்து.

"கீழ மீட்டர் முள்ளை எப்போடா பார்த்தே?"

மானிட்டர் வந்த நாளிலிருந்து பாய்லரின் முள் மீட்டரைப் பார்க்க யாருமே படியிறங்கியதில்லை. அவள் ஓடிப்போய்ப் புறங்கையால் தூசியைத் துடைத்தாள்.

முள் பதின்மூன்றில் நடுங்கியது.

"தீயை நிறுத்துடா," என்று கத்தியபடி வால்வைத் திறந்தாள். நீராவி சீறி வெளியேறியது. முள் மெல்ல எட்டுக்கு இறங்கி நின்றது.

மேலே வந்தாள். புதியது 8 காட்டியது. பழையது 9ஐ விடவில்லை. செத்தவர் கடைசியாகப் பார்த்ததும் இதே 9தான் என்று அவளுக்கு உறைத்தது. பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

தம்பி எழுந்து நின்றிருந்தான்.

காலி நாற்காலி கிரீச்சிட்டது.

புதிய திரை மங்கத் தொடங்கியது.

"அணைச்சுக்கோ," என்றாள் நாற்காலியிடம். "அஞ்சாவதைக் கொண்டுவருவேன். அம்பதாவதையும் கொண்டுவருவேன். என் தம்பியை உனக்குத் துணைக்குத் தர மாட்டேன்."

பழையதின் பிளக்கைப் பிடுங்கினாள். 9 அணையவில்லை. அப்படியே தூக்கிப்போய்ப் பழைய சாமான் அறையில் வைத்துப் பூட்டினாள். முள் மீட்டர் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டி, மணிக்கொரு தடவை இறங்கி வந்து பார்த்து எழுதச் சொன்னாள்.

மறுநாள் காலை பலகையில் தம்பியின் கையெழுத்தில் வரிசையாக 8. கடைசியில் ஒரு 9.

சாக்பீஸ் வெள்ளை. அந்த 9 பச்சை.

புறங்கையால் அதை அழித்தாள். முள்ளைப் பார்த்து 8 என்று அழுத்தி எழுதினாள்.

"எழுது. நான் அழிக்கறேன். யாருக்கு முதல்ல கை வலிக்குதுன்னு பாப்போம்."

அவள் எழுதிய 8க்குக் கீழே, ஒரு பச்சை வளைவு மெதுவாக விழத் தொடங்கியது.